வந்தது வாஷிங் மெஷின்... போனது நிம்மதி!

உங்கள் வீட்டுக்குப் புதுசாக ஏதாவது எலெக்ட்ரிக் சாமான் வாங்கியிருக்கிறீர்களா? வாழ்த்துகள்! அது ஓடிக்கொண்டும் இருக்கிறதா? டபுள் வாழ்த்துகள்! உடனே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கித் திருஷ்டி சுற்றிப் போடுங்கள். அப்புறம் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் பத்திரமாக பீரோவில் வையுங்கள். என்றைக்காவது தேவைப்படும்.

நான் பி.காம். டெபிட் தெரியும், கிரெடிட் தெரியும். வோல்ட்டும் ஆம்பியரும் சத்தியமாகத் தெரியாது. ஆனால், நாற்பத்தோரு நாள் ஒரு வாஷிங் மெஷினோடு மல்லுக்கட்டியதில் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டேன். ஒன்று, வாரண்டி என்றால் என்ன என்பது. இரண்டு, நம் செல்போனுக்கு வரும் அந்த ஆறு நம்பர் ஓ.டி.பி. இருக்கிறதே, அது எவ்வளவு பெரிய சொத்து என்பது.

மெஷின் வாங்கினது அம்மாவுக்காக. அறுபத்து நாலு வயசு. கை விரல் மூட்டுகளில் வாதம். காலையில் எழுந்ததும் விரலை மடக்க அரை மணி நேரம் ஆகும். "துணி பிழியற வேலையே கூடாதும்மா" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் மனைவியும் ஆபீஸ் கிளம்புகிற ஜாதி. 'இனிமே துணி துவைக்கிறது என் டிபார்ட்மென்ட்' என்று நான் வீரமாக அறிவித்தேன். நான் துவைத்துக் காயப்போட்ட சட்டைகளை அம்மா மறுநாள் எடுத்து மறுபடி துவைத்தாள். "காலர்ல அழுக்கு அப்படியே இருக்குடா" என்றாள்.

அப்புறம்தான் தி.நகர் போனோம்.

கடையில் டை கட்டிய பையன் ஒருவன் அரை மணி நேரம் அந்த மெஷினின் பெருமைகளைப் பாடினான். முன்பக்கம் வட்டக் கண்ணாடி வைத்த ஃப்ரன்ட் லோடு. "ரிப்பேர்ங்கிற பேச்சே கிடையாது ஸார். மோட்டாருக்குப் பத்து வருஷ வாரண்டி!" என்றான். நான் பர்ஸை எடுத்ததும் குரலைத் தாழ்த்தி, "இன்னும் 2,999 ரூபா கட்டிட்டீங்கன்னா எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுடலாம் ஸார். இப்ப வர்ற மெஷின்லாம் எப்ப என்ன ஆகும்னு சொல்ல முடியாது" என்றான். இவ்வளவு நேரம் பேசினது இவனா, இவன் அண்ணனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எக்ஸ்டெண்டட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 34,490 ரூபாய்க்கு பில் போட்டு, பன்னிரண்டு மாத இ.எம்.ஐ.யில் மெஷினை மடிப்பாக்கம் கொண்டு வந்து இறக்கினோம். அம்மா சந்தனம் குங்குமம் வைத்தாள். முதல் பத்து நாள் பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு வட்டக் கண்ணாடிக்கு எதிரில் உட்கார்ந்து, துணி சுற்றுவதை சீரியல் மாதிரி பார்த்தாள். எதிர் வீட்டு மாமியும் வந்து பார்த்தார்.

பதினோராம் நாள், பாதி துவையலில் சீரியல் நின்றுவிட்டது.

திரையில் ஓர் இங்கிலீஷ் எழுத்தும் பக்கத்தில் ஒரு நம்பரும். உள்ளே முட்டளவு தண்ணீர். அதில் பையனின் யூனிஃபார்ம், என்னுடைய ஒரே நல்ல வெள்ளைச் சட்டை, மனைவியின் சுடிதார். கதவு திறக்கவில்லை. தண்ணீர் இருந்தால் திறக்காதாம், பாதுகாப்பு ஏற்பாடாம். மீன் தொட்டியில் மீனைப் பார்ப்பது மாதிரி என் சட்டையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் சென்டருக்குப் போன் போட்டேன். இந்திக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு இரண்டு என்று ஆரம்பித்து, தமிழுக்கு வருவதற்குள் எனக்கு இந்தியே வந்துவிடும் போலிருந்தது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று பதினேழு தடவை சொன்னார்கள். அவ்வளவு முக்கியமென்றால் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே! கடைசியில் ஒரு பெண் எடுத்து, கம்ப்ளெயின்ட் நம்பர் ஒன்று கொடுத்தார்.

முதல் விஜயம்: வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். முதுகில் பை, தலையில் ஹெல்மெட் தழும்பு. கீழே இருந்த சின்ன மூடியைத் திறந்து, குழாயை உருவித் தண்ணீரை வடித்து, என் சட்டையை மீட்டுக் கொடுத்தார். "வோல்டேஜ் பிராப்ளம் ஸார், ஸ்டெபிலைசர் போட்ருங்க" என்றார். ஏதோ பட்டன்களை அழுத்தினார். மெஷின் சுற்றியது. "ஸார், உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்றீங்களா?" சொன்னேன். அவர் தெருமுனை தாண்டுவதற்குள், 'தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது' என்று மெஸேஜ் வந்தது. தீர்ந்தது புகார் மட்டும்தான். மறுநாள் சாயங்காலம் மெஷின் மறுபடி நின்றது.

இரண்டாவது விஜயம்: வேறொரு தம்பி. பக்கெட்டில் இருந்த தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "போர் தண்ணியா ஸார்? உப்பு. அதான்." ஒரு பவுடர் டப்பா கொடுத்து 450 ரூபாய் வாங்கிக்கொண்டார். வாரண்டி இருக்கே என்றேன். "தண்ணிக்கு வாரண்டி இல்ல ஸார்." அதுவும் சரிதான். ஓ.டி.பி. கேட்டார். சொன்னேன். புகார் இரண்டாவது தடவையாக வெற்றிகரமாகத் தீர்ந்தது. மெஷின் மூன்று நாள் தாங்கியது.

நடுவில் ஐந்தாம் தேதி வந்தது. மெஷின் நின்றாலும் இ.எம்.ஐ. நிற்குமா? 2,874 ரூபாய் கரெக்டாக அக்கவுன்ட்டில் இருந்து போனது. என் அனுபவத்தில் அந்த மெஷின் சம்பந்தமாக ரிப்பேரே ஆகாமல் ஓடிய ஒரே சமாச்சாரம் அதுதான்.

கடைக்குப் போய்க் கேட்டேன். அதே டை. "வித்ததோட எங்க வேலை முடிஞ்சுது ஸார், கம்பெனியைக் கேளுங்க" என்றான்.

மூன்றாவது விஜயம்: முதலில் வந்த தம்பியே வந்தார். பின்பக்கம் கழற்றி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "போர்டு போயிருக்கு ஸார். ஆர்டர் போடணும். ஸ்டாக் இல்ல, வர எத்தனை நாளாகும்னு தெரியல" என்றார். அதோடு, கொஞ்சம் தயங்கி, "ஓ.டி.பி. மட்டும் குடுத்துடுங்க ஸார்" என்றார்.

"மெஷின் ஓடலையே தம்பி, எதுக்கு ஓ.டி.பி.?"

வெயிலில் வந்தவர். அம்மா காபி கொடுத்தாள். காபி உள்ளே போனதும் உண்மை வெளியே வந்தது. அவர் கம்பெனி ஆளே இல்லை. கம்பெனி ஒரு ஏஜென்ஸியிடம் வேலையைக் கொடுத்திருக்கிறது. ஏஜென்ஸி அவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதில்லை, ஒரு காலுக்கு இவ்வளவு என்று கணக்கு. புகார் குறிப்பிட்ட நேரத்துக்குள் மூடப்படவில்லை என்றால் காசு பிடிப்பார்கள். நாம் பத்துக்கு எட்டு மார்க் போட்டாலும் பிடிப்பார்கள். "மெஷின் ஓடுதான்னு யாரும் கேக்க மாட்டாங்க ஸார். கால் குளோஸ் ஆச்சான்னுதான் கேப்பாங்க. அது குளோஸ் ஆகணும்னா உங்க நம்பர் வேணும்."

எனக்குப் பொறி தட்டியது. இரண்டு முறை ரிப்பேர் ஆகாத மெஷினுக்கு 'ரிப்பேர் ஆகிவிட்டது, பரம திருப்தி' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்! மூணு ரூபாய் வவுச்சருக்கே ஆடிட்டர் கேள்வி கேட்பார் என்று படித்தவன் நான்.

அன்றைக்கு ஓ.டி.பி. கொடுக்கவில்லை. தம்பி முகம் வாடிப்போனது. எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது.

அடுத்த வாரம் ஒருநாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தேன். மொட்டை மாடிக் கொடியில் வரிசையாகத் துணிகள். யூனிஃபார்ம், பெட்ஷீட், என் சட்டைகள். காலரில் அழுக்கே இல்லை. கீழே வந்தால் அம்மா ஒன்றும் தெரியாதவள் மாதிரி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தூக்கினாள். விரல் கணுக்கள் ஒவ்வொன்றும் நெல்லிக்காய் சைஸுக்கு இருந்தன.

"எத்தனை நாளும்மா?"

"மெஷின் நின்னதுலேர்ந்துதான். கத்தாதே. அது என்னைக்கு ஓடுறது, அவன் என்னைக்கு யூனிஃபார்ம் போடுறது?"

நான் கத்தவில்லை. பரணில் ஏறினேன்.

பரணில் பி.காம். புத்தகங்கள் இருந்தன. மெர்கன்டைல் லா. ஐந்து மார்க் கேள்வி ஒன்று அப்போது நெட்டுருப் போட்டிருக்கிறேன்: 'கண்டிஷன், வாரண்டி - வேறுபடுத்துக.' 1930-ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டம், 12-வது பிரிவு. பரீட்சையோடு மறந்துபோன சமாச்சாரம், இத்தனை வருஷம் கழித்து என் வீட்டு பாத்ரூம் வாசலில் நிற்கிறது.

அந்தச் சட்டத்தில் வாரண்டி என்பது பெரிய வாக்குறுதியே இல்லை ஸார். அது தொட்டுக்கொள்ள வைக்கும் ஊறுகாய்! சாப்பாடு கண்டிஷன்தான். குடிதண்ணீர் லாரி சொல்கிறீர்கள் என்று வையுங்கள். கடல் தண்ணீர் வந்தால் கண்டிஷன் மீறல். 'இந்த வியாபாரமே வேண்டாம், காசைக் கொடு' என்று திருப்பி அனுப்பலாம். தண்ணீர் நல்லதுதான், ஆனால் சொன்னதைவிட ட்யூப் கொஞ்சம் குட்டை என்றால் வாரண்டி மீறல். நஷ்டத்தைக் கேட்கலாம், லாரியைத் திருப்ப முடியாது. வாஷிங் மெஷின் துவைக்க வேண்டும் என்பது கண்டிஷன் இல்லாமல் வேறு என்ன?

ஆனால், அடுத்த பக்கத்திலேயே ஒரு கொக்கி. பொருளை நீங்கள் 'ஏற்றுக்கொண்டு' விட்டால், கண்டிஷன் மீறலையும் பொதுவாக வாரண்டி மீறலாகத்தான் நடத்த முடியும். வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தாலே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்கிறது 42-வது பிரிவு. 'பார்ட்ஸ் வரும் ஸார், பொறுங்க ஸார்' என்று அவர்கள் ஏன் இவ்வளவு அன்பாக நாள் கடத்துகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது!

இப்போது இன்னொரு கேள்வி. அந்தக் காலத்துச் சாமான்கள் மட்டும் எப்படி ஓடுகின்றன? எங்கள் வீட்டு கோயமுத்தூர் கிரைண்டர் அப்பா வாங்கியது. எனக்கும் அதற்கும் ஒரே வயசு. எனக்குத்தான் முடி கொட்டிவிட்டது. அதில் இருப்பது ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு கெப்பாஸிட்டர். எது போனாலும் தெருமுனைக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவார்.

புது மெஷினுக்கு மூளை இருக்கிறது. 'இன்வெர்ட்டர்' என்று சொல்கிறார்களே, அதில் கரன்ட்டைப் பதம் பார்த்து மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலையெல்லாம் ஒரு எலெக்ட்ரானிக் போர்டு செய்கிறது. கரன்ட் மிச்சமாவது நிஜம், சத்தம் குறைவதும் நிஜம். ஆனால், அந்தப் போர்டுக்கு வோல்டேஜ் குதித்தால் ஆகாது, ஈரம் ஆகாது, உள்ளே கரப்பான் பூச்சி போனால் ஆகாது. அதில் கடுகத்தனை பாகம் ஒன்று போனாலும் தனியாக அதை மாற்ற மாட்டார்கள், முழுப் போர்டையும் தூக்கிப் போடுவார்கள். மோட்டாருக்குப் பத்து வருஷம் என்கிற ஸ்டிக்கரில் அந்தப் பத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரம் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? நட்சத்திரத்துக்கு அர்த்தம் வாரண்டி கார்டின் அடியில், எறும்பு படிக்கிற சைஸில் இருக்கும். பத்து வருஷம் மோட்டாருக்கு மட்டும்தான். போர்டுக்கு இல்லை, கண்ணாடிக்கு இல்லை, பிளாஸ்டிக்குக்கு இல்லை, எலி கடித்த ஒயருக்கு இல்லவே இல்லை. மாப்பிள்ளைக்கு இதயம் மட்டும் கியாரண்டி, மூளைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்பது மாதிரி!

அன்றைக்கு ராத்திரி ஒரு பக்கத்துக்கு லெட்டர் எழுதினேன். திட்டவில்லை. கணக்கு எழுதுகிற மாதிரி எழுதினேன். பில் நம்பர், மெஷின் சீரியல் நம்பர், வந்த தேதி, நின்ற தேதி, மூன்று கம்ப்ளெயின்ட் நம்பர்கள், ஒவ்வொரு தடவையும் சொன்ன காரணம். 'பதினோரு நாளில் பழுதான பொருளை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பதினைந்து நாளில் புது மெஷின் கொடுங்கள், அல்லது பணத்தைத் திருப்புங்கள். இல்லையேல் நுகர்வோர் ஆணையம்.' ஒரு காப்பி கம்பெனிக்கு, ஒரு காப்பி டை கட்டிய கடைக்கு. ஆமாம், கடைக்கும்தான். பில் போட்டுக் காசு வாங்கியது கடை. 'எங்க வேலை முடிஞ்சுது' என்று அவர்கள் சொன்னால் முடிந்துவிடாது. இரண்டும் ஸ்பீட் போஸ்ட்டில் போயின, ஈ-மெயிலிலும் போயின. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்தேன். தமிழிலேயே பேசினார்கள். அது கோர்ட் இல்லை, கம்பெனிக்குத் தட்டிவிட்டுப் பதில் கேட்கிற இடம். அந்தத் தட்டலுக்கே ஒரு மரியாதை இருக்கிறது.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. 'எங்கள் அழைப்பு உங்களுக்கு முக்கியமா' என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. "ஸார், ஸ்பெஷல் கேஸா எடுத்து ரீப்ளேஸ் பண்றோம்" என்றார்கள். ஸ்பெஷல் எல்லாம் ஒன்றும் இல்லை. ஒழுங்காகக் காகிதம் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

உங்களுக்காக, என் நாற்பத்தோரு நாளின் பாலன்ஸ் ஷீட்:

1. மெஷின் ஓடும்வரை ஓ.டி.பி. கிடையாது. அது நம்பர் இல்லை, உங்கள் கையெழுத்து. கேட்டால் "ஒரு வாஷ் முழுசா ஓடட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

2. பில், வாரண்டி கார்டு இரண்டையும் வாங்கின அன்றே போனில் படம் எடுங்கள். சில பில் காகிதத்தில் எழுத்து ஆறு மாதத்தில் ஆவியாகிவிடும்.

3. மெஷின் நிற்கும்போது திரையோடு வீடியோ எடுங்கள். ஆள் வரும் நேரம் பார்த்து அது சமர்த்தாக ஓடும்.

4. வருகிறவர் என்ன கோளாறு என்று சொல்கிறாரோ, அதை சர்வீஸ் சீட்டில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன வோல்டேஜ் காற்றில் போய்விடும்.

5. முதல் வாரங்களிலேயே பழுது என்றால் பார்ட்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். 'ஏற்றுக்கொள்ளவில்லை' என்று உடனே எழுத்தில் கொடுங்கள். கடை, கம்பெனி இரண்டுக்கும்.

6. அதற்கும் மசியவில்லை என்றால், 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பொருளின் விலை 5 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், கம்பெனி டெல்லியில் இருந்தாலும் சரி. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பழுதை நீக்கு, புதுசு கொடு, வட்டியோடு பணத்தைக் கொடு, நஷ்ட ஈடு கொடு என்று எது வேண்டுமானாலும் உத்தரவு போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மூன்று மாதம், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். வாய்தாவுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

நாற்பத்தோராம் நாள் புது மெஷின் வந்தது. மாட்டிக் கொடுக்க வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே தம்பி! என்னைப் பார்த்ததும் கொஞ்சம் மிரண்டார். பழசை எடுத்துவிட்டுப் புதுசை நிறுத்தி, மட்டம் பார்த்து, குழாய் மாட்டி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் போனைப் பார்த்தார். வாய் திறந்து கேட்கவில்லை.

உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. "நம்பரைச் சொல்லி அனுப்புடா. பாவம், வெயில்ல வந்திருக்கு புள்ளை."

எனக்கு ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் பாலன்ஸ் ஷீட்டின் முதல் ஐட்டம்.

"தம்பி, அரை மணி நேர வாஷ் ஒண்ணு போடுவோம். நீங்க உக்காருங்க" என்றேன். அம்மா இட்லி வைத்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, அடுத்த காலுக்கு லேட்டாகிறது என்று வாட்சைப் பார்த்துக்கொண்டே, மெஷினையும் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் வட்டக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் இறங்கியது, சுழன்றது, வேகமெடுத்துப் பிழிந்தது, டிங் டிங் என்று மணி அடித்தது. கதவு திறந்தது.

அம்மா ஒரு சட்டையை எடுத்து, காலரைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

நம்பரைச் சொன்னேன். பத்துக்குப் பத்தும் போட்டேன். அது கம்பெனிக்கு இல்லை, அந்தத் தம்பிக்கு.